செவலையின் இடது முன்னங்கால்

ஒரு குதிரையை நான் பொய் சொல்லி விற்கப் பார்த்தேன். விற்க முடியவில்லை. வாங்க வந்தவர் விஷயம் தெரிந்தவராக இருந்துவிட்டார், அவ்வளவுதான். அன்று அவர் இடத்தில் வேறு யாராவது வந்திருந்தால் பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்பேன். ஊரில் இதை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

எங்களுடையது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மஞ்சள், வாழை, வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நெல். அப்பா ரேக்ளாவுக்குக் காளை வளர்த்தவர். எனக்கு எப்படியோ குதிரைப் பித்துப் பிடித்துக்கொண்டது. கோயில் நோன்பிக்கும் தலைவர்கள் பிறந்தநாளுக்கும் எங்கள் பக்கம் தார் ரோட்டை மறித்துக் குதிரை வண்டிப் பந்தயம் விடுவார்கள். புதுக்குதிரை, சின்னக்குதிரை, பெரிய குதிரை என்று பிரிவு உண்டு. இரண்டு பக்கமும் பசங்கள் பைக்கில் ஆரன் அடித்துக்கொண்டு கூடவே வருவார்கள். ஜெயித்தால் கிடைக்கிற பணம் கொள்ளுக்கும் புல்லுக்கும் காணாது. பிறகு எதற்கு ஓட்டுகிறோம் என்றால், மறுநாள் டீக்கடையில் நுழையும்போது பெஞ்சில் ஒருவன் நகர்ந்து இடம் கொடுப்பான் பாருங்கள், அதற்காகத்தான்.

செவலையை அந்தியூரில் வாங்கினேன். ஆடியில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை. திப்பு சுல்தான் படைக்கு அங்கே குதிரை வாங்கினார் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கத்தியவாரி, மார்வாரி என்று வடக்கேயிருந்து லாரியில் வந்து இறங்கும். செவலைக்கு மார்வாரிக் கலப்பு. காது இரண்டும் உள்பக்கமாக வளைந்திருக்கும். எதையாவது உற்றுக் கேட்டால் நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும். நல்ல பெயராக வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். நிறமே பெயராகிவிட்டது.

வைகாசியில் ஒரு பந்தயம். இரண்டாம் இடம் வந்தாள். வண்டியை அவிழ்க்கும்போது நொண்டவில்லை, தண்ணீர் குடித்தாள், புல் கடித்தாள். மறுநாள் காலை கொட்டிலில் தவிடு கரைத்து வைத்துவிட்டு வழக்கம்போல் நாலு காலையும் தடவிப் பார்த்தேன். இடது முன்னங்காலில், முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவில், பின்பக்கம் சூடாக இருந்தது. அந்த இடம் லேசாகப் புடைத்தும் இருந்தது. மற்ற மூன்று கால்களில் அதே இடம் குளுகுளுவென்று இருந்தது. நடத்திப் பார்த்தால், நடை சுத்தம். ஓட்டிப் பார்த்தபோதுதான் தலை ஒரு நூலளவு ஏறி இறங்குவதுபோல் பட்டது. தெரியாதவன் கண்ணுக்குப் படாது.

வண்டி ஓட்டுபவன் என் மச்சினன். வந்து பார்த்தான். "சுளுக்குங் மாமா. நல்லெண்ணெயக் காய்ச்சி நீவி உட்டா ரெண்டு நாள்ல போயிரும்." எண்ணெயைச் சூடு பண்ணி அழுத்தி நீவி, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிவிட்டுப் போனான். சாயங்காலம் கால் இன்னும் பருத்துவிட்டது.

அப்புறம்தான் கால்நடை டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். சின்ன வயசு. வந்ததும் பேண்டேஜை அவிழ்த்துப் போட்டார். "இப்படி இறுக்கிக் கட்டினா கட்டே நாணை அறுத்துரும்ணா. சூடு ஒத்தடம், எண்ணெய், நீவறது ஒண்ணுமே வேண்டாம்" என்றார். ஐஸ் வாங்கி வந்து துணியில் சுற்றி வைக்கச் சொன்னார். ஐஸ் இல்லாத நேரம் மோட்டார் தண்ணீரைக் காலில் விடச் சொன்னார், ஒரு தடவைக்கு இருபது நிமிஷம், நாளைக்கு நாலைந்து தடவை. பஞ்சைத் தடிமனாகச் சுற்றி அதன் மேல் கட்டு. வீக்கத்துக்கும் வலிக்கும் ஊசி. கொள்ளைக் குறைத்துப் புல்லைக் கூட்டு. கொட்டிலை விட்டு வெளியே விடாதே. எல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது இதையும் சொன்னார்: "ஒரு வாரத்துல நொண்டறது நின்னுரும். ரெண்டு மூணு வாரத்துல வீக்கமும் வடிஞ்சிரும். அதுக்கப்புறந்தாண்ணா ஆபத்து. சரியாப் போச்சுன்னு பூட்டிருவீங்க."

"எப்பத்தாங்க பூட்டறது?"

"பந்தயத்துக்குன்னா, ஒரு வருஷம் மறந்துருங்க."

நாங்கள் பேச்சுவழக்கில் நரம்பு என்று சொல்லும் தசைநாண்தான் அங்கே அறுந்திருந்தது. முழுசாக அல்ல, உள்ளே சில இழைகள். குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே குதிரைக்குச் சதையே கிடையாது. மேலே முன்கையில் இருக்கிற தசைகளிலிருந்து நாண்கள் இறங்கி வந்து, எலும்புக்குப் பின்னால் ஒட்டியபடி குளம்பு வரைக்கும் போகின்றன. காலுக்கு ஒற்றை விரல், அந்த விரலின் நுனியில்தான் அத்தனை எடையும் நிற்கிறது. கால் தரையில் ஊன்றும்போது கணு கீழே இறங்க, பின்பக்கத்து நாண் இழுபடுகிறது. கால் எழும்பும்போது சுருங்கி, வாங்கிய விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டினால்தான் குதிரை அவ்வளவு தூரம் களைக்காமல் ஓடுகிறது. பின்னால் இரண்டு நாண்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. தோலுக்கு ஒட்டியிருக்கும் வெளி நாண்தான் பந்தயக் குதிரைகளில் அதிகம் சேதமாவது.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். முழுப் பாய்ச்சலில் ஓடும் பந்தயக் குதிரைக்கு அந்த நாண் தன் நீளத்தில் 16 சதவீதம் வரை நீள்கிறது. அறுந்துபோகும் எல்லை அதிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. நாள்தோறும் வேலை செய்கிற ஓர் உறுப்பு, உடையும் இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போய்ப் போய் வருவது எனக்கு இன்னமும் நம்ப முடியாத சங்கதி. அது போதாதென்று சூடு வேறு. நீண்டு சுருங்குவதில் கொஞ்சம் விசை வெப்பமாக மாறி உள்ளேயே தங்கிவிடுகிறது. தசை என்றால் ரத்தம் பாய்ந்து சூட்டை எடுத்துப் போகும்; நாணுக்கு அந்த அளவு ரத்த ஓட்டம் கிடையாது. ஓடும் குதிரையின் நாண் நடுவில் 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறதாம். இப்படி ஒவ்வொரு ஓட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒருநாள் இழை விடுகிறது. வண்டிப் பந்தயத்தில் அவ்வளவு வேகம் வராது. ஆனால் தார் ரோடு இளகிக் கொடுக்காது, பின்னால் வண்டியும் ஆளும் உண்டு, கடைசி ஃபர்லாங்கில் தசை களைத்துப்போனால் கணு இன்னும் கீழே இறங்கும். அன்றைய பந்தயத்தில் மச்சினன் எந்தக் குழியில் விட்டான் என்று அவனோடு நான் போட்ட சண்டை வீண். அந்தக் கால் பல மாதமாகவே கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று. ஏதாவது செய்ய வேண்டும். தண்ணீர் விட்டுக் கட்டுப் போட்டுச் சும்மா கட்டிவைப்பது வைத்தியமாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் மாட்டுக்குச் சூடு போடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வரிவரியாக இழுத்துவிட்டால் கெட்ட நீர் இறங்கி நரம்பு இறுகும் என்று அவர் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. புகையும் தீய்ந்த வாசனையுமாக, இன்ன தேதியில் இன்ன வைத்தியம் நடந்தது என்று கண்ணுக்குத் தெரிகிறதே! நாள்கூடக் குறித்துவிட்டேன். டாக்டரம்மாவுக்குச் சேதி போய், அவரே வந்துவிட்டார்.

"சூடு போட்டா என்ன பண்ணுவீங்க?"

"புண்ணு ஆறணுமில்லீங்க, ஆறு மாசம் பூட்ட மாட்டோம்."

"அந்த ஆறு மாசந்தாண்ணா வைத்தியம். சூடு வெறும் வேடிக்கை. வேடிக்கைய உட்டுட்டு ஆறு மாசத்த மட்டும் குடுங்க."

இங்கிலாந்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. பந்தயக் குதிரைகளுக்கு அங்கே தலைமுறை தலைமுறையாகச் சூடு போட்டிருக்கிறார்கள், படித்த மருத்துவர்களே. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயான் சில்வர் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் சோதித்துப் பார்த்து, 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். சூட்டினால் நாண் ஆறுவதில்லை. இத்தனை காலம் அது பலித்ததுபோல் தெரிந்ததற்குக் காரணம் சூட்டுக்குப் பின் கிடைத்த ஓய்வுதான் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள். மிருகத்துக்கு ஓய்வு கொடுக்க மனசு வராத மனிதர்கள் அதன் காலைச் சுட்டுவிட்டு, அந்தச் சாக்கில் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். பெரியவரை நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புத்தி வந்து சொன்னதில்லை. டாக்டரம்மா இனிமேல் வரமாட்டாரோ என்ற பயம்.

அவர் சொன்ன மாதிரியே ஆனி முடிவதற்குள் கால் அழகாக வடிந்துவிட்டது. நடை சுத்தம், ஓட்டமும் சுத்தம். தினமும் கையில் பிடித்துப் பத்து நிமிஷம் நடத்துவதைத் தவிர செவலைக்கு வேலை கிடையாது. சும்மா நிற்கிற குதிரைக்குக் கொழுப்பு ஏறும். கொட்டிலின் மூங்கிலைக் கடித்துக் கடித்து நார் நாராக்கி வைத்திருந்தாள். ஒருநாள் என் தோளையும் கடித்தாள். எனக்கு அவள் மேல் வெறுப்பு வர ஆரம்பித்தது அப்போதுதான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. புல்லுக்கட்டைப் போடும்போதெல்லாம் இன்றைக்கு இவ்வளவு ரூபாய் என்று மனசு கணக்குப் போடும். "கறவை மாடா இருந்தா அர லிட்டர் பாலாவது குடுக்குமுங்க" என்று வீட்டுக்காரி ஒரு தடவைதான் சொன்னாள். அது மறுபடி மறுபடி காதில் கேட்டது. டீக்கடையில் கேட்டால், "அடுத்த வருசத்துக்குப் பெரிய குதிரை பாக்கறனுங்க, அதான் இத ஓட்டறதில்ல" என்று புளுகினேன்.

ஆடி பிறந்தது. தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். நான் சொல்லியனுப்பவில்லை, தரகர்களுக்கு மூக்கில் வேர்க்கும். காலைப் பார்த்தார், நடத்திப் பார்த்தார். "இப்ப யாருக்குங்க தெரியும்? சந்தைக்கு மொத நா ராத்திரி ஒரு வலி ஊசி போட்டுட்டா கல்லு மேல கூட ஓடும். அந்தியூருக்கு ஓட்டிட்டு வந்துருங்க."

குதிரை வியாபாரத்தில் இது புதிதொன்றுமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் குதிரை கொண்டுவந்து விற்ற வணிகர்களைப் பற்றி ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். இங்கே குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை; அந்த வணிகர்கள் தாங்களும் வைத்தியரைக் கூட்டி வரமாட்டார்கள், வேறு வைத்தியர் வரவும் விடமாட்டார்கள். குதிரைகள் செத்தால்தானே அரசன் அடுத்த வருஷமும் வாங்குவான். எழுநூறு வருஷத்துக்கு முந்தின சாமர்த்தியம் என் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அதற்குக் காப்பி கொடுத்தேன்.

ஊசி போட்டோமா என்று கேட்பீர்கள். போட்டோம். டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை, மருந்துக்கடையில் வாங்கித் தரகர்தான் போட்டார். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

சந்தையில் கூட்டம் சொல்லி மாளாது. முதலில் வந்தவர் சத்தியமங்கலத்துப் பக்கத்துக்காரர் என்றார்கள். அறுபது வயது இருக்கும். கூட அவர் மகன், கல்லூரிப் பையன் மாதிரி. பையனுக்குச் செவலையின் காதைப் பார்த்ததுமே மனசு போய்விட்டது. தரகர் துண்டை விரித்துப் போட்டு, அதற்குள் அவர் கையைப் பிடித்து விலை பேசினார். நான் சொல்லச் சொன்னதைவிடக் கூடவே சொல்லியிருப்பார் போலும். பெரியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையை உருவிக்கொண்டு, "ஒருக்கா ஓட்டுங்க" என்றார். ஓட்டினோம். ஊசி வேலை செய்தது.

அதற்கப்புறம் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். செவலையின் இடது பக்கம் போய், அவளைப் பார்க்காமல் வாலைப் பார்த்து நின்றார். தோளிலிருந்து கையை விடாமல் கீழே இறக்கி, காலைத் தூக்கச் சொல்லித் தட்டினார். தூக்கினாள். முழங்காலை மடக்கித் தன் இடது கையில் அந்தக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். நிற்கிற காலில் நாண் விறைத்திருக்கும், ஒன்றும் அகப்படாது. மடக்கின காலில் தொய்ந்து கொடுக்கும். வலது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பின்பக்கத்து நாணைப் பிடித்து, உள் நாணிலிருந்து தனியாகப் பிரித்து, முழங்காலுக்குக் கீழேயிருந்து கணுவரை அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே வந்தார். அவசரமே இல்லை. பாதி வழியில் அவர் விரல் நின்றது. திரும்பக் கொஞ்சம் மேலே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். செவலை காலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவர் நிமிர்ந்து மறுபக்கம் போய் வலது காலையும் அதே மாதிரி பார்த்தார். பிடுங்கவில்லை. மறுபடி இடது காலுக்கு வந்தார்.

துண்டை உதறித் தோளில் போட்டார். தரகரை அவர் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "இத எவனாச்சும் ஒரு பையன் வாங்கிட்டுப் போயி, அடுத்த ஞாயித்துக்கெழமையே பூட்டுவானுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார்.

"ஆளா இல்ல, வாங்க" என்றார் தரகர். நான் லாரிக்குச் சொல்லிவிட்டேன். உடனே மனசு மாறித் திருந்திவிட்டேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மை அது இல்லை. அந்த மனிதர் நாலு பேரிடம் சொல்லிவிட்டால் அந்தியூரில் இனி என் முகத்துக்கு விலை போகாது என்ற பயம்தான். அவர் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமும் அங்கே என்னிடம் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

வலி ஊசியின் வேலை முடிந்ததும் செவலை நொண்டினாள். வலி தெரியாமல் இருந்த நேரத்தில் கல்லிலும் மண்ணிலும் ஓட்டிக் காட்டியதன் பலன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஸ்கேன் பண்ணிரலாம்ணா" என்றார். தனக்குத் தெரிந்த இன்னொரு மருத்துவரைக் கையோடு கொண்டுபோகிற ஸ்கேன் மெஷினுடன் வரவழைத்தார். முடியை மழித்து, ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் நாணின் குறுக்குவெட்டு தெரிந்தது. நல்ல நாண் நெருக்கமான வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியுமாம். வலது காலில் அப்படித்தான் தெரிந்தது. அதிலும் ஓரிடத்தில் லேசாக மங்கல் இருந்தது. ஒரு கால் கெட்டால் மற்றதும் சுத்தமாக இருக்காது என்றார்கள். இடது காலில் நடு மத்தியில் கறுப்பாக ஒரு வட்டம். அங்கே இழை இல்லை, நீரும் ரத்தமும்தான். நாணின் பரப்பில் கால்வாசி.

தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாத கால் அது. ஊரே பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொன்ன கால்.

அந்த இடத்தை உடம்பு மூடத்தான் செய்யும். ஆனால் முதலில் போடுகிற இழை வேறு ஜாதி. வலுவில்லாமல், திசை தெரியாமல் தாறுமாறாகக் கிடக்கும். மாதக்கணக்கில் அது மாறி, இழுவிசை போகிற திசையில் நீளவாக்கில் அடுக்காக அமைந்தால்தான் பாரம் தாங்கும். அப்படி அமைவதற்கு அளவான நடை வேண்டும். கட்டியே போட்டாலும் கெட்டது, அவிழ்த்து ஓடவிட்டாலும் கெட்டது. எல்லாம் முடிந்த பிறகும் தழும்பு தழும்புதான். கிழிந்த வேட்டியில் போட்ட ஒட்டு மாதிரி, ஒட்டின இடம் விறைப்பாக இருக்கும், அடுத்த கிழிசல் அதன் ஓரத்தில் விழும். ஆறிய குதிரைகளில் நிறைய, பந்தயத்துக்குத் திரும்பினால் அதே காலிலோ எதிர்க்காலிலோ மறுபடி அறுத்துக்கொள்கின்றன. இப்போது குதிரையின் சொந்த ரத்தத்திலிருந்து பிளேட்லெட் பிரித்து ஊசியாகப் போடுகிறார்கள், எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்த்துப் போடுகிறார்கள். அது எங்கள் கைக்கு எட்டுகிற காரியமாக இல்லை. அதைப் போட்டாலும் நடத்துகிற மாதங்கள் குறைவதில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நடத்தினோம். நானே நடத்தினேன். பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாய்க்கால் மேட்டில் சமதரையாகப் பார்த்து, கையில் பிடித்தபடி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கறுப்பு சாம்பலானால் அடுத்த படி, ஆகாவிட்டால் அதே படி. இதில் சுவாரசியமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெறுப்பு எப்போது போனது என்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் புல்லுக்குக் கணக்குப் போடுவது நின்றிருந்தது.

அந்த நாட்களில் என் மகன் இணையத்தில் ஒரு பழைய செய்தியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அமெரிக்காவில் ஐ'ல் ஹேவ் அனதர் என்று ஒரு குதிரை. குட்டியாக இருந்தபோது வெறும் 11,000 டாலருக்கு விலைபோனது. 2012-இல் கென்டகி டெர்பியிலும் பிரீக்னஸிலும் ஜெயித்து, மூன்றாவதான பெல்மான்ட்டும் ஜெயித்தால் 1978-க்குப் பிறகு அதுவரை யாருக்கும் கிடைக்காத மும்முடி அதற்கு. பந்தயத்துக்கு முந்தின நாள் இடது முன்னங்காலில் லேசான வீக்கம், நாணில் காயத்தின் தொடக்கம். ஓடவிடவில்லை, அன்றே ஓய்வும் அறிவித்துவிட்டார்கள். ஊரே காத்திருந்த பந்தயம். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, செய்துதான் காட்டினேனே. 1936-இல் போல்ட் வென்ச்சர் என்ற குதிரையும் இதே மாதிரி இரண்டு ஜெயித்து, மூன்றாவதற்கு முன் நாண் கெட்டு நின்றது. பத்து வருஷம் கழித்து அதன் மகன் அசால்ட் மூன்றையும் ஜெயித்தது.

செவலை மறுபடி பந்தயத்துக்குப் போகவில்லை. கடைசி ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஓட்டலாம். ஆனா ஓட்ட வேண்டாம்ணா" என்றார் டாக்டரம்மா. மச்சினனுக்கு ரொம்ப நாள் கோபம். இப்போது தோட்டத்துக்குப் புல் கொண்டுவர இலகு வண்டி இழுக்கிறாள். ஒரு குட்டி போட்டிருக்கிறாள். குட்டியைக் கட்டிவைக்காமல் தோட்டத்தில் ஓட விட்டிருக்கிறேன். வளர்கிற பருவத்தில் ஓடி விளையாடினால் நாண் உரமேறுமாம், வளர்ந்து முடிந்த பிறகு என்ன பழக்கினாலும் பெரிதாக ஏறாதாம். மச்சினன் இப்போதே அதன் காலை அளந்து பார்க்கிறான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆடிக்கு அந்தியூர் போகிறவர்களே, குதிரையை ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. காலை மடக்கித் தூக்கி, நாணை விரலில் பிடித்து, மேலேயிருந்து கீழே வரை அமுக்கிப் பாருங்கள். இரண்டு முன்னங்கால்களையும் பாருங்கள். ஓரிடம் தடித்தோ சூடாகவோ இருந்தால், அல்லது அமுக்கும்போது காலைப் பிடுங்கினால், விலையைப் பேசாதீர்கள். வலி ஊசி போட்டிருந்தால் இதிலும் தப்பலாம். முடிந்தால் ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். பெரிய விலை என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம். விற்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: காலில் அடி இருந்தால் அதைச் சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுங்கள். குட்டிக்கும் இலகு வேலைக்கும் வாங்குகிறவர்கள் அந்தச் சந்தையில் இருக்கிறார்கள்.